நஸீபின் இடப்பக்கம்

கட்டுகஸ்தோட்டை
2024 செப்டம்பர் 17

அன்புத் தம்பி நஸீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், உன் மச்சான் ஷிராஸ், பக்கத்து வீட்டுப் பிரேமிளா அக்கா, அவருடைய கணவர் கிருஷ்ணராஜ் அண்ணன், ஃபிரிஜ் திருத்த வந்த அஷ்பாக். ஆறாவதாக ஒருவரும் இல்லை. நீ முதல் பந்தைப் பிடித்தபோது கத்தியது யார் என்று பின்னால் ஒரு பேச்சு வரக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கத்தியது நான்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. ஜூலையில் கட்டுநாயக்காவிலிருந்து போன் எடுத்து, “ராத்தா, வேலைய விட்டுட்டேன், தாய்லாந்துக்குப் பந்து விளையாடப் போறேன்” என்றாய். ஏழு வருட அரசாங்க உத்தியோகம். விமானத்தில் ஏற அரை மணி நேரம் இருக்கும்போது அக்காவுக்குச் சொல்கிறாய். ஆத்திரத்தில், நீ திரும்பி வரும்வரை போனில் உன்னோடு பேசமாட்டேன் என்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்துவிட்டேன். செய்த சத்தியம் செய்ததுதான். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கழகத்தின் நேரலையைப் போனிலிருந்து டீவிக்கு எடுத்துத் தந்தது அஷ்பாக்தான். ஃபிரிஜைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரும் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

“ஒங்கட தம்பி எது?”

“தனியா நிக்கிறாரே, செவப்புச் சட்டை. அவர்தான்.”

“ஏன், ஆட்டத்துல சேக்கல்லியா அவர?”

கிருஷ்ணராஜ் அண்ணன் விஷயம் தெரிந்தவர் போலச் சிரித்தார். “கோல்ல நிக்கிறவருக்கு என்னாங்க வேலை? சும்மா நின்னுகிட்டு இருக்கிறதுதான?”

“நீங்க கந்தோர்ல இருபத்தாறு வருஷமா என்னா செஞ்சீங்களாம்?” என்றார் பிரேமிளா அக்கா.

முப்பத்தோராம் நிமிடத்தில் நீ பாய்ந்தாய். கம்பத்துக்கு உள்ளே நுழைந்துகொண்டிருந்த பந்தை ஒற்றைக் கையால் வெளியே தள்ளினாய். உன் உடம்பு முழுதும் நிலத்துக்குச் சமாந்தரமாக நின்றது. சுப்ஹானல்லாஹ். மனிதனுக்குள் இவ்வளவு நீளத்தைப் படைத்தவன் ஒளித்து வைத்திருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பார்ப்பதை எழுதி வைத்தால்தான் எனக்குப் பிடிபடும். விடுபட்ட நோன்புகளை எழுதும் சி.ஆர். கொப்பியைப் பின்பக்கத்திலிருந்து திறந்து கோடு போட்டேன். உன்னிடம் வந்த பந்துகள் பதினொன்று. டீவியில் நமக்குக் கிட்டிய பக்கம் வந்தவற்றை ‘நம் பக்கம்’ என்றும், தூரத்துப் பக்கம் போனவற்றை ‘அந்தப் பக்கம்’ என்றும் குறித்தேன். மஃரிப் பாங்கு சொன்னதும் நான் தொழப் போனேன், மச்சான் பள்ளிக்குப் போனார். கடைசிப் பத்து நிமிடத்தைப் பிரேமிளா அக்கா குறித்துத் தந்தார். அவருடைய எழுத்து என்னுடையதைவிட அழகு.

அங்கே தொழ இடம் இருக்கிறதா? சாப்பாடு ஹலாலா? அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு?

ராத்தா ஸுலைஹா


பான் தலே
2024 ஒக்டோபர் 3

அன்பின் ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை அணியின் வேனுக்குள் இருந்து வாசித்தேன். சிரித்ததில் பக்கத்தில் இருந்தவன் எழுந்துவிட்டான்.

கவலைப்படாதீங்க. இது தாய்லாந்தின் தெற்கு, கடல் ஓரத்து ஊர். பாதிப் பேர் மலாய் பேசும் முஸ்லிம்கள். மைதானத்திலிருந்து பள்ளி நாலு நிமிட நடை. காலையில் நீல நிறத்தில் சோறு தருகிறார்கள். பூவைப் பிழிந்து வரும் நிறம் அது. மச்சானிடம் சொல்ல வேண்டாம், பெயின்ட் என்பார்.

எங்களுடையது மூன்றாம் பிரிவு, தென்வலயம். பன்னிரண்டு கழகங்கள், இருபத்திரண்டு ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களுக்கு வருகிறவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். வெளிநாட்டுக்காரருக்கு ஒரு கழகத்தில் சில இடங்கள்தான். எல்லோரும் அந்த இடங்களில் கோல் அடிக்கிறவர்களைத்தான் எடுப்பார்கள். எங்கள் பயிற்றுநர் ஒன்றை எனக்குத் தந்திருக்கிறார். அதற்காக அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இப்போது சிரிப்பதில்லை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரசித் என்று பெயர், வயது முப்பத்தாறு. நான் வரும்வரை ஆறு வருடம் இங்கே முதலாவது கோல் காப்பாளர் அவர்தான். இப்போது மாற்று ஆளாக மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருக்கிறார், வேனும் ஓட்டுகிறார். என்னை வெறுத்திருந்தால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் முதல் நாளே கையுறையை எப்படிக் கழுவிக் காயப்போடுவது என்று எனக்குக் காட்டித் தந்தார். நான் அவரை நானா என்று கூப்பிடுகிறேன். அண்ணன் என்று அதன் அர்த்தத்தைச் சொன்னேன். அன்று முழுக்கத் தனக்குத் தானே “நானா, நானா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் கோபப்படுகிறீர்கள். கந்தோரில் நான் எழுதியதெல்லாம் யாரோ சொன்னது. இங்கே பந்து வரும்போது எவரையும் கேட்க நேரமில்லை. அவ்வளவுதான் காரணம்.

தம்பி நஸீப்


கட்டுகஸ்தோட்டை
2024 ஒக்டோபர் 28

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஏழு ஆட்டங்கள் முடிந்தன. நாலு வெற்றி, இரண்டு சமம், ஒரு தோல்வி. மூன்றாம் இடம். தாய் எழுத்து வாசிக்கத் தெரியாததால் மற்ற அணிகளைச் சட்டை நிறத்தில்தான் அடையாளம் வைத்திருக்கிறேன். மஞ்சள் முதலாவது, ஊதா இரண்டாவது.

அந்த ஊதாச் சட்டைக்காரரோடு பன்னிரண்டாம் திகதி நடந்த ஆட்டத்தில், ஐம்பத்திரண்டாம் நிமிடம், பந்தோடு போய்க் கம்பத்தில் மோதி விழுந்தாய். பிறகு எழுந்து கை காட்டினாய். அல்ஹம்துலில்லாஹ். அன்று தோற்காமல் காத்தது நீதான். கிருஷ்ணராஜ் அண்ணன் இப்போது மைதானத்தில் உன்னைத் தவிர வேறு எவரையும் பார்ப்பதில்லை. “கோலிதாங்க மொத்த ஆட்டமே” என்று எனக்கே படிப்பிக்கிறார்.

ஒரு விஷயம் கேட்கிறேன், மறைக்காமல் சொல். பின்னால் வந்த இரண்டு ஆட்டத்திலும் சில பந்துகளுக்கு நீ பிந்திப் போகிறாய். ஒரு நேரம் நம் பக்கம் வருவதற்கு, ஒரு நேரம் அந்தப் பக்கம் போவதற்கு. கொப்பியை மூன்று தரம் பார்த்தேன், ஒரு ஒழுங்கும் அகப்படவில்லை. முன்பு அப்படி ஒரு தரம்கூடப் பிந்தியதில்லை. இப்படி ஒழுங்கில்லாமல் வருவது கண் பார்வையால் என்று நினைக்கிறேன். மைதானத்து விளக்கு வெளிச்சம் கண்ணில் படுகிறதா? கண் டொக்டரிடம் காட்டினாயா?

நவம்பர் வந்தால் மஃரிப் இன்னும் முந்தும். இரண்டாம் பாதியின் நடுவில் பத்து நிமிடம் இனிப் பிரேமிளா அக்காவின் பொறுப்பு. “நீ நிம்மதியா தொழு ஸுலைஹா, தம்பிய நான் பாத்துக்கிறேன்” என்கிறார். உன்னைக் கழுத்தில் தூக்கி வைத்திருப்பது போல.

ராத்தா ஸுலைஹா


பான் தலே
2024 நவம்பர் 8

அன்பின் ராத்தாவுக்கு,

கண்ணுக்கு ஒன்றுமில்லை. சிரித்துச் சிரித்துத்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது.

ராத்தா, இடைவேளைக்குப் பிறகு நாங்கள் பக்கம் மாறுவோம்! முதல் பாதியில் டீவியின் ஒரு ஓரத்தில் நிற்பேன், இரண்டாம் பாதியில் மற்ற ஓரத்தில். டீவியில் இடது ஓரத்தில் நின்றால் என் இடக்கைப் பக்கம் உங்களுக்குத் தூரம். வலது ஓரத்தில் நின்றால் அதே இடக்கைப் பக்கம் உங்களுக்குக் கிட்ட. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டியிருக்கிறீர்கள். ஒழுங்கு எப்படி அகப்படும்? எந்த ஓரத்தில் முதலில் நிற்பது என்பதும் நாணயம் சுண்டிப் பார்ப்பதுதான், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆகவே உங்கள் கொப்பியை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, எங்களைப் போல வெறுமனே பார்த்துச் சந்தோஷப்படுங்கள்.

இந்தக் கதையைப் பிரசித் நானாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ஒங்கட ராத்தா எல்லாப் பந்தையும் எழுதுறாங்களா?” என்று இரண்டு தரம் கேட்டார்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஒரே மழை.

தம்பி நஸீப்


கட்டுகஸ்தோட்டை
2024 நவம்பர் 20

நஸீப்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நீ சொன்னது சரி, நான் செய்தது பிழை. நல்லவேளையாக ஒவ்வொரு பாதியிலும் நீ நின்ற ஓரத்தை எழுதி வைத்திருந்தேன். எங்கள் டீவிக்கு ஒரு பக்கம் அலுமாரி, மறுபக்கம் கதவு. அதனால் ‘அலுமாரிப் பக்கம்’, ‘கதவுப் பக்கம்’ என்று இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருந்து, பத்து ஆட்டங்களையும் நீ சொல்லித் தந்தபடி புதிதாக எழுதினேன்.

ஒழுங்கு அகப்பட்டுவிட்டது.

ஊதாச் சட்டைக்காரரோடு விழுவதற்கு முன் உன் இடப்பக்கம் வந்த பந்துகள் பதினேழு. பதினைந்துக்குப் பாய்ந்தாய். விழுந்த பிறகு ஐந்து ஆட்டத்தில் இடப்பக்கம் வந்தவை பதினாலு. பாய்ந்தது மூன்றுக்கு. நாலைக் காலால் தடுத்தாய். மூன்றுக்கு வலக்கையைக் குறுக்கே கொண்டு வந்தாய். நாலுக்கு நின்ற இடத்தில் நின்றாய், நாலும் கோல். வலப்பக்கம் வந்தவை பதினாறு, பதினாறுக்கும் பாய்ந்திருக்கிறாய்.

ஞாயிறு ளுஹர் தொழுதுவிட்டுப் போனை எடுத்தேன். சத்தியத்தை முறிக்கிறேன் என்று தெரிந்தேதான் எடுத்தேன். “நஸீப், இடது தோளா?” என்று மட்டும் கேட்டேன். “ராத்தா, பயிற்சிக்கு நேரமாச்சி” என்று சொல்லி வைத்துவிட்டாய்.

முறித்த சத்தியத்துக்குப் பரிகாரமாகச் செவ்வாய்க்கிழமை ஏழைகள் பத்துப் பேருக்குச் சோறு கொடுத்தேன். இனி நான் போனிலும் பேசலாம். ஆனாலும் எழுதவே செய்கிறேன். போனில் நீ என்னைச் சிரிக்க வைத்துத் தப்பிவிடுவாய்.

தம்பி, கோல் என்பது பத்துப் பேர் உன்னை நம்பித் தந்துவிட்டு முன்னால் போகிற அமானிதம். அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் நீ முழுசாக நிற்கிறாய் என்று நினைத்துத்தான் ஓடுகிறார்கள். நீ பொய் சொல்லவில்லை, சரி. சொல்லாமலும் இருக்கிறாயே.

உன்னைக் குறைவாக நினைத்து எழுதவில்லை. ஒரு கையோடு நின்று ஐந்து ஆட்டத்தில் நாலு கோல்தான் விட்டிருக்கிறாய். அதை நினைத்துப் பார்த்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயிற்றுநரிடம் சொல்.

ராத்தா


பான் தலே
2024 டிசம்பர் 9

ராத்தாவுக்கு,

தபால் ஒரு கிழமை வெள்ளத்தில் நின்றது. மைதானமும் தண்ணீருக்குள். இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போயின.

கொப்பியை மூடுங்கள். நான் விளையாடுவதைப் பாருங்கள் என்றுதான் நேரலை அனுப்பினேன், சோதனை போடச் சொல்லி அனுப்பவில்லை.

ஆம், தோள்தான். ஊசி போட்டு, பட்டி சுற்றி நிற்கிறேன். தனியாக ஒரு டொக்டரிடம் காட்டினேன், கழகத்து ஆளிடம் அல்ல. ஜனவரியில் ஆள் மாற்றும் காலம் திறக்கும். இப்போது சொன்னால் என் பெயரை வெட்டிவிட்டுக் கோல் அடிக்கிற ஒரு பிரேசில்காரனை அந்த இடத்துக்கு எடுப்பார்கள். வெளிநாட்டுக் கோல் காப்பாளனை எடுத்தது மடத்தனம் என்று சொன்னவர்கள் வென்றுவிடுவார்கள். பிறகு நான் என்னவாகத் திரும்பி வருவது? வேலையும் இல்லை, பந்தும் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று போகிற வருகிறவருக்குக் கதை சொல்லவா?

வாப்பா மௌத்தான நாளிலிருந்து நான் எந்தப் பாடசாலை, எந்தச் சட்டை, எந்த வேலை என்று எல்லாம் நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். நன்றாகத்தான் செய்தீர்கள், மறுக்கவில்லை. நானாக எடுத்தது இந்த ஒன்றைத்தான். இதையும் உங்கள் கொப்பியில் கோடு போட்டு எடுத்துவிடாதீர்கள்.

யாருக்கும் சொல்ல வேண்டாம்.

நஸீப்


கட்டுகஸ்தோட்டை
2024 டிசம்பர் 24

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் எவருக்கும் சொல்லவில்லை. மச்சானுக்கும் சொல்லவில்லை. வேலை விஷயத்தில் உன்னை ஒரு வார்த்தையும் கேட்காமல் விண்ணப்பம் எழுதி அனுப்பியது நான்தான். அது உண்மை. உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். தோளைப் பற்றிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

பயிற்றுநரிடம் சொல் என்று இனி எழுதவும் மாட்டேன். கண்டதை மட்டும் எழுதுகிறேன், முடிவு உன்னுடையது.

நேரலை ஆட்டத்துக்கு இருபது நிமிடம் முன்பே தொடங்கிவிடும். பதினாலாம் திகதியும் இருபத்தோராம் திகதியும் அதை முதலிலிருந்து பார்த்தேன். உன்னைத் தயார் பண்ண உன் பிரசித் நானா பந்து அடித்துத் தருகிறார். இரண்டு நாளும் சேர்த்து எண்பத்தொரு பந்து. எழுபத்தாறு உன் வலப்பக்கம். இடப்பக்கம் வந்தது ஐந்து. அந்த ஐந்தும் நிலத்தில் உருண்டு, நீ குனிந்து எடுக்கும்படி வந்தன. அந்த ஐந்தும் பயிற்றுநர் உங்கள் பக்கம் திரும்பிய நேரம் மட்டும். மற்ற நேரமெல்லாம் பிரசித் தன் முதுகைப் பயிற்றுநருக்குக் காட்டி, உன்னை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்.

நான் வாய் திறக்கவில்லை. பிரேமிளா அக்காவே சொன்னார்: “ஸுலைஹா, தம்பிக்கு என்னமோ ஒடம்புல இருக்கு. இந்த மனுசனுக்கு அது தெரியும். தெரிஞ்சுகிட்டே மறைக்கிறாரு. வாயத் தொறந்தா எடம் இவருக்குத்தான வரும்? என்னா மனுசன்டீ இவரு!”

கிருஷ்ணராஜ் அண்ணன், “நீ அந்தாள மட்டும் பாத்துகிட்டு இரு, கோல் விழுந்துரும்” என்றார்.

“நான் யாரப் பாத்தா ஒங்களுக்கு என்னா?”

தன் பழைய இடத்தைத் திரும்பப் பெற அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்துக் கிழமையாக அதைச் சொல்லாமல், வேன் ஓட்டி, உன் கையுறைக்குப் பந்து போட்டுத் தருகிறார். பிறர் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று நாம் ஓதியிருக்கிறோம். அந்த மனிதர் ஓதாமலே செய்கிறார். நீ சுமப்பதில் பாதி அவர் தலையில் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தோளுக்குச் சூடு பிடி. துஆச் செய்கிறேன்.

ராத்தா ஸுலைஹா


பான் தலே
2025 ஜனவரி 17

அன்பின் ராத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பயிற்சி முடிந்து வேனில் வாசித்தேன். எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை. பிரசித் நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

எங்களுக்குள் கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் கை. நம் பேச்சில் எழுதினால் இப்படித்தான் இருந்தது.

“நானா, என்ட தோள் விஷயம் ஒங்களுக்கு எப்ப தெரியும்?”

“நீ விழுந்த அண்டைக்கே. சட்டைய ஒரு கையால கழட்டினாய்.”

“ஏன் சொல்லல்ல?”

“நான் சொன்னா எடத்துக்காகச் சொன்னதா ஆகும். ஒன்ட வாயால வரட்டும்னு இருந்தேன்.” வேன் சாவியைக் கழற்றிக்கொண்டு, “இவ்வளவு நாள் பிடிக்கும்னு நெனைக்கல்ல” என்றார்.

“கோபமா?”

“ஊதாக்காரனோட மறு ஆட்டத்துல ரெண்டாவது கோல் விழுந்தப்போ கோபம். அத நான் புடிச்சீப்பேன்.”

உண்மைதான், ராத்தா. அவர் பிடித்திருப்பார்.

மறுநாள் காலை பயிற்றுநரிடம் போனேன். கையைத் தூக்கச் சொன்னார். தோள் மட்டத்துக்கு மேல் போகவில்லை. அவர் வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து ஒரு கடதாசியை எடுத்து என் பெயரில் கோடு போட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பயந்தது அப்படியே நடந்தது. பருவத்தின் மிச்சத்துக்கு என் பதிவு நீங்கிவிட்டது, பிரேசில்காரர் வந்துவிட்டார். நல்ல மனிதர், என் அறையில்தான் படுக்கிறார். படம் எடுத்துப் பார்த்ததில் மூட்டுக்குள் கிழிந்திருக்கிறது, ஏப்ரலில் அறுவைச் சிகிச்சை. ஒப்பந்தம் முடியும்வரை கோல் காப்பாளர்களின் பயிற்சிக்கு உதவியாக இரு, அதன் பின் தோளைப் பார்த்துச் சொல்கிறேன் என்று பயிற்றுநர் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை முதன்முறையாக வாங்கில் உட்கார்ந்தேன். இங்கிருந்து ஆட்டம் வேறு மாதிரி. பந்து வரும்போது கை தானாகப் போகிறது, பிடிக்க ஒன்றுமில்லை. பிரசித் நானா இந்த உணர்வோடு அரைப் பருவம் இருந்திருக்கிறார். ஆட்டம் மூன்றுக்கு இரண்டு, வெற்றி. அவர் எட்டுப் பந்தைப் பிடித்தார். இரண்டு இடப்பக்கம், முழு நீளத்துக்கு. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: “ராத்தாட கொப்பில எனக்கும் ஒரு பக்கம் தருவாங்களா?” கடைசி ஆட்டம் மார்ச் இரண்டாம் திகதி, மஞ்சள் சட்டைக்காரரோடு. அவர்களுடைய ஒன்பதாம் இலக்கக்காரன் பெனல்டியை எந்தப் பக்கம் அடிப்பான் என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறார்.

அந்த முந்திய கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

தம்பி நஸீப்


கட்டுகஸ்தோட்டை
2025 மார்ச் 4

அன்புத் தம்பி நஸீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமழான் முபாரக்.

முந்திய கடிதத்தைக் கிழிக்கவில்லை. உன் கையால் கோபமாக எழுதிய ஒரே கடிதம் அது, வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பிரசித் நானாவிடம் என் வெட்கத்தைச் சொல். மஞ்சள் அணியின் பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்து, அந்த ஒன்பதாம் இலக்கக்காரன் அடித்த ஆறு பெனல்டியும் காப்பாளரின் வலப்பக்கம் என்று நான்தான் எழுதி அனுப்பினேன். ஐம்பத்தெட்டாம் நிமிடம் அவர் என்னை நம்பி வலப்பக்கம் பாய்ந்தார். பந்து மெதுவாக இடப்பக்கம் போனது. “ஒன் கொப்பிய மகாவலியில போடு ஸுலைஹா!” என்று பிரேமிளா அக்கா எழுந்துவிட்டார். பிரசித் நானா எழுந்து வாங்கைப் பார்த்துச் சிரித்தாரே, உன்னைப் பார்த்தா, என்னைப் பார்த்தா? அதற்குப் பிறகு எழுபத்தொன்று, எண்பது, எண்பத்தெட்டாம் நிமிடங்களில் அவர் தடுத்த மூன்றையும் எந்தக் கொப்பியும் சொல்லித் தரவில்லை. ஒன்றுக்கு ஒன்று. வென்றிருந்தால் இரண்டாம் இடம், அடுத்த சுற்று. மூன்றாம் இடத்தோடு நின்றுவிட்டது. அஷ்பாக் போனில் கேட்டுவிட்டு, “பரவால்ல ராத்தா, நல்ல பருவம்” என்றார், தானே ஆடியது போல.

ஆனால் எனக்கு அந்த ஆட்டத்தில் பெரிசாக நிற்பது இருபத்தேழாம் நிமிடம். முதல் நோன்பு. உங்கள் ஊர்ப் பள்ளிப் பாங்கு நேரலையில் எங்கள் முன்னறைக்குக் கேட்டது. எங்களுக்கு நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் பந்தை வேண்டுமென்றே வெளியே தட்டினார். நீ இடக்கையைத் துணித் தூளியில் கட்டிக்கொண்டு, வலக்கையில் பேரீச்சம்பழப் பெட்டியோடு ஓடி வந்தாய். இரண்டு அணிக்கும் கொடுத்தாய். பிரசித் நானா அதற்குப் பிறகுதான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். மற்ற ஆட்டங்களில் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டு தரம் குடிப்பவர். அவருக்கு நோன்புமில்லை, கடமையுமில்லை. அணியில் நோன்பு பிடித்தவர்கள் குடிக்காதபோது தானும் குடிக்காமல் நின்றார். நான் அழுதேன். கிருஷ்ணராஜ் அண்ணன் என்னைப் பார்க்காமல் இருக்க யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நஸீப், நீ போனபோது உன்னைக் கோபித்தேன். மறைத்தபோது பயந்தேன். பெட்டியோடு ஓடி வந்த அந்த நேரம் உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். நிலத்துக்குச் சமாந்தரமாகப் பறந்த நாளைவிட அதிகம். இடம் போனால் என்னவாகத் திரும்பி வருவது என்று கேட்டிருந்தாய். இப்படியே வா. அல்லது வராதே, தோள் சுகமாகி அங்கேயே நில். அதை நான் முடிவு செய்யமாட்டேன்.

ஒன்றை மட்டும் நானாக முடிவு செய்திருக்கிறேன். அறுவைச் சிகிச்சையின்போது நீ தனியாக இருக்கக் கூடாது. பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். காலை ஆறு மணியிலிருந்து வரிசை. நான் மஹ்ரமான ஆண் துணை இல்லாமல் இவ்வளவு தூரம் போகமுடியாது என்பதால் மச்சானுக்கும் சேர்த்து.

“எனக்கு எதுக்கு பாஸ்போட்? நான் பொலன்னறுவைக்கே ஒரு தரம்தான் பெய்த்தீக்கி.”

“அப்ப இது ரெண்டாம் தரம்.”

கடையைப் பூட்டமுடியாது, நோன்பு, வெயில் என்றெல்லாம் சொன்னார். பிறகு வரிசையில் பின்னால் நின்றவரிடம், “மச்சினன்ட ஒபரேஷன், தாய்லாந்துல பந்து விளையாடுறவர்” என்று சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். வீட்டு வேலை என்று எழுதினேன்.

பாஸ்போட் வர ஐந்து கிழமை ஆகுமாம். நீ ‘ஏப்ரலில்’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். ஏப்ரலுக்கு முப்பது நாள். எந்தத் திகதி, எந்த ஆஸ்பத்திரி, நோயாளியோடு பெண்கள் தங்கலாமா என்று விவரமாக எழுது. திகதி தெரியாமல் விமானச் சீட்டு எடுக்கமுடியாது. இது கிடைத்த அன்றே உட்கார்ந்து பதில் எழுது.

ராத்தா ஸுலைஹா